ஆறாவது பலகை

ஸ்ரீ கெம்பாங்கானில் நாகையாவின் கிடங்கு இருந்த தெருவுக்குள் கார் திரும்பியபோது காலை மணி பத்தரை. ஒரு மணிக்கு லோரி வரும். அங்கே நிற்கும் அச்சு மெஷினைக் கழற்றி ஏற்றி, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் அடைத்து, சுரபாயாவுக்கு அனுப்பிவிடுவார்கள். கப்பல் ஏறிய பிறகு அந்த இரும்பிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

பின்சீட்டில் லோகேஸ்வரி கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை மதியம் அவள் கணவன் விஜயன், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தங்கள் டி-சட்டை அச்சுக் கடையிலிருந்து கிளம்பினான். பழைய ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். முன்பணம் பத்தாயிரம் ரிங்கிட் கையில். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றிரவு அவன் கார் போர்ட் கிள்ளான் ரயில் நிலையத்தில் பூட்டியபடி கிடைத்தது. போன் அணைந்திருந்தது. இன்று வியாழன்.

"அவர் ஓடிப் போகலக்கா," என்றாள் லோகேஸ்வரி, யாரும் எதுவும் கேட்காமலேயே. "கையால மையை இழுத்து இழுத்து அவருக்குத் தோளே தேஞ்சு போச்சு. ஆட்டோமேட்டிக் வாங்குங்க வாங்குங்கன்னு நான்தான் ஒரு வருஷமா உயிரை எடுத்தேன்."

முன்சீட்டில் இருந்த நாச்சம்மை திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுபவர்களைத் துருவியவள். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோருக்கும் அவள் ஆச்சி.

"ஓடிப் போனவங்க காரை ஒழுங்கா கோட்டுக்குள்ள நிறுத்தி, சைடு மிரரை மடக்கி வச்சிட்டுப் போறதில்ல," என்றாள் நாச்சம்மை. "உங்க வீட்டுக்காரர் மிரரை மடக்குவாரா?"

"மடக்கவே மாட்டார். எத்தனை தடவை இடிபட்டிருக்கு."

"அப்ப காரை நிறுத்தினது வேற ஆளு."

காரை ஓட்டிக்கொண்டிருந்த வாசு, நாச்சம்மையின் உதவியாளன், தன் புதுச் சட்டையின் காலரைத் தளர்த்தினான். முன்பு டாக்சி ஓட்டியவன். இன்று அவனுக்கு முதலாளி வேடம்.

"ஆச்சி, கிள்ளான் பள்ளத்தாக்குல இந்த மாதிரி ஆறு கலர், எட்டு பலகை மெஷின் விக்கிறவங்க மூணு பேரு. ரெண்டு பேரு விஜயன் போன் பண்ணினாருன்னு ஒத்துக்கிட்டாங்க. மூணாவது ஆளு இந்த நாகையா, அப்படி ஒரு பேரையே கேட்டதில்லன்னு சொல்றாரு. அதுக்காக மட்டும் சந்தேகப்பட்டா எப்படி? எம் மாமியார்கூட எம் பேரைக் கேட்டதில்லன்னுதான் சொல்லுவாங்க."

"அதுக்காக இல்ல. அவரு விளம்பரத்தைப் பார்த்தியா? மூணு மாசமா ஒரே விலை. செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்குப் பாதியாக் குறைச்சிருக்காரு. நல்லா ஓடுற மெஷினை, யாரும் குறைச்சுக் கேக்காமலே, யாரு பாதி விலைக்குத் தள்ளுவா?"

"அவசரம் இருக்கிறவன்."

"என்ன அவசரம்னு பார்க்கத்தான் போறோம். மெஷினை வாங்கின சுரபாயாக்காரனை விட ஐயாயிரம் கூடத் தரேன்னு நீ சொன்னதாலதான் நம்மள உள்ள விடுறாரு." நாச்சம்மை லோகேஸ்வரி பக்கம் திரும்பினாள். "உள்ள போனா நீங்க லோகேஸ்வரி இல்ல, பிரியா. வாசு கடையில மெஷின் பார்க்கிறவங்க. உங்க வீட்டுக்காரர் அங்க வந்துபோன அடையாளம் எது கண்ணுல பட்டாலும் முகத்துல காட்டாதீங்க. குடிக்கத் தண்ணி கேளுங்க. எனக்குப் புரிஞ்சுடும்."

லோகேஸ்வரி தலையசைத்தாள்.

நாகையா அறுபதை நெருங்கிய மனிதர். வாசலிலேயே நின்றிருந்தார். சரியாகத் தூங்காத கண்கள். வாசுவின் கையைக் குலுக்கிவிட்டு மூவரையும் உள்ளே அழைத்துப் போனார். கிடங்கில் வேறு ஆட்கள் யாரும் இல்லை. துணிக் கம்பெனியை மூடி நான்கு மாதம் ஆகிவிட்டதாம்.

நடுவில் மெஷின் நின்றது. பெரிய குடையைத் தலைகீழாக விரித்தது போல எட்டுக் கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் சட்டை மாட்டும், எண் போட்ட அலுமினியப் பலகை. அதற்கு மேலே மையைத் தள்ளும் ஆறு தலைகள். ஓடவிட்டால் எட்டுப் பலகைகளும் ஒவ்வொரு இடமாகச் சுற்றிச் சுற்றி நகரும். ஒவ்வொரு தலையும் இறங்கித் தன் நிறத்தைப் பதிக்கும்.

"எத்தனை பேர் வந்து பார்த்தாங்கண்ணே?" என்று நாச்சம்மை கேட்டாள். அவள் வாசுவின் அக்கா, பணத்துக்குப் பொறுப்பு என்று நாகையாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"யாரும் வரல லா. நீங்கதான் மொதல்ல. சுரபாயா ஆளுகூட வீடியோலதான் பார்த்தாரு."

"இது பாதுகாப்பா? எங்க கடையில எல்லாம் கவனமில்லாத ஜென்மங்க," என்றான் வாசு. "நான் உட்பட."

"சென்சார் இருக்கு பாஸ். ஆளு பக்கத்துல வந்தாலே நின்னுடும்."

லோகேஸ்வரி வேலையை ஆரம்பித்தாள். முதலில் கம்ப்ரஸரைப் போடச் சொல்லி, மெஷினைச் சுற்றி மெல்ல நடந்து, காற்றுக் குழாய்கள் எங்காவது சீறுகின்றனவா என்று காது கொடுத்தாள். பிறகு ஓடவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பலகையும் நகர்ந்து நிற்கும்போது தட்டுகிறதா, நழுவுகிறதா என்று கவனித்தாள். கூடவே கொண்டுவந்திருந்த, ஒரே கூட்டல் குறி பதித்த ஆறு ஸ்கிரீன்களைத் தலைக்கு ஒன்றாக மாட்டி, ஒரே துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தாள். மெஷின் தளர்ந்திருந்தால் ஆறு குறிகளும் சிதறி முள் மாதிரி நிற்கும். துணியில் ஒரே ஒரு கூட்டல் குறிதான் தெரிந்தது.

"நல்ல மெஷின்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. விஜயன் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பான் என்று தோன்றியது. அந்த நினைப்பை அவசரமாகத் தள்ளிவிட்டாள்.

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் பலகைக்கு அடியில் குனிந்தாள். பலகை மட்டமாக இருக்கிறதா என்று மேலே பார்த்துவிட்டு, அடியில் திருகுகளைச் சரிபார்ப்பதுதான் முறை.

திருகுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன 'ச' எழுதியிருந்தது.

பழைய மெஷின் எதைப் பார்க்கப் போனாலும் விஜயன் இப்படித்தான் செய்வான். பலகை மட்டமாக இருந்தால் 'ச', சரி. தாழ்ந்திருந்தால் 'இ', இறக்கம். பென்சில் என்றால் துடைத்துவிடலாம், விற்கிறவனுக்குக் கோபம் வராது என்பான். அந்தச் 'ச'வின் கீழ்க்கோடு எப்போதும் கொஞ்சம் நீண்டு வால் போல வளையும். இதிலும் வளைந்திருந்தது.

பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அலுமினியம் சில்லென்றிருந்தது. மூன்று நாள் முன்பு இதே இடத்தில் அவன் முழங்கால் போட்டிருக்கிறான்.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா அங்கிள்?"

நாகையா அலுவலக அறைக்குப் போனார். நாச்சம்மை அருகில் வந்து, தானும் ஏதோ பார்ப்பது போலக் குனிந்தாள். லோகேஸ்வரி விரலால் காட்டினாள். "அவர் எழுத்து" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அது போதுமாக இருந்தது.

"எல்லாப் பலகையும் பாருங்க," என்று நாச்சம்மை முணுமுணுத்தாள். "எதுல நிக்குதுன்னு பாருங்க."

லோகேஸ்வரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டாவதில் ச. மூன்றாவதில் இ. நான்காவது, ஐந்தாவது, ச. ஆறாவது பலகையின் அடியில் ஒன்றும் இல்லை. ஏழிலும் இல்லை. எட்டிலும் இல்லை.

எழுந்து நின்றாள். மெஷினைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்ப்பது போல நடித்தாள். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஏழு பலகைகளின் மேலே சட்டை நகராமல் பிடிக்க ஒட்டியிருந்த டேப் பசையும் நூலும் படிந்து கறுத்திருந்தது. ஆறாவதில் மட்டும் டேப் புத்தம் புதுசு. பலகையும் கழுவித் துடைத்தது போல மினுங்கியது.

நாகையா தண்ணீர் போத்தலுடன் வந்தார். அவள் வாங்கிக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"இந்த சென்சார் கம்பி மட்டும் புதுசா இருக்கே அங்கிள்?" என்று கேட்டாள். "மெஷின் எட்டு வருஷப் பழசுன்னு சொன்னீங்க."

"வாங்குறவங்களுக்காக மாத்தினேன் லா. நல்ல கண்டிஷன்ல கொடுக்கணும்ல."

"எப்ப மாத்தினீங்க?"

நாகையா கம்பியைத் திரும்பிப் பார்த்தார். "போன மாசம்."

"போன மாசம் மாத்தின கம்பி மேல தூசியே இல்ல," என்றான் வாசு. "என் காருக்கு இந்த ரகசியத்தைச் சொல்லிக் கொடுங்கண்ணே."

நாகையா சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். பதினொன்றே கால். "எடுக்கிறீங்களா இல்லையா? லோரிக்காரனுக்குப் போன் பண்ணணும்."

"எடுக்கிறோம்," என்றாள் நாச்சம்மை. "ஒரே ஒரு விஷயம். ஆறாவது பலகைக்கு அடியில காத்து கசியிற மாதிரி பிரியாவுக்குச் சத்தம் கேக்குதாம். நீங்க கொஞ்சம் உள்ள குனிஞ்சு பார்த்துச் சொல்லிடுங்க. வாசு, சுவிட்சைப் போடு. ஓட்ட வேண்டாம், காத்து மட்டும் ஏறட்டும்."

வாசு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நடந்தான். கம்ப்ரஸர் முனகியது. மெஷினின் கைகள் லேசாகச் சிலிர்த்து நின்றன.

நாகையா நகரவில்லை. "சுவிட்சை அடைச்சிட்டுப் பார்ப்போம்."

"அடைச்சா கசியிற சத்தம் எப்படிக் கேக்கும்? சென்சார்தான் இருக்கே. ஆளு பக்கத்துல வந்தா நின்னுடும்னு நீங்களே சொன்னீங்க."

"வயசாச்சும்மா. முட்டி வலி. குனிய முடியாது."

"தலையை மட்டும் நீட்டுங்கண்ணே. பத்து வினாடி."

வாசுவின் கை பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதைத் தொடவில்லை. நாகையாவின் கண்கள் அந்தக் கையிலேயே இருந்தன.

"கையை எடுக்கச் சொல்லுங்க," என்றார். "அந்தக் கையை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கம்மா."

வாசு உடனே கையை எடுத்தான். கம்ப்ரஸரையும் அணைத்தான்.

"திங்கக்கிழமை இங்க ஒருத்தர் குனிஞ்சு பார்த்திருக்காரு," என்றாள் நாச்சம்மை. "அஞ்சு பலகைக்கு அடியில அவரு எழுத்து இருக்கு. ஆறாவதுல இல்ல. அஞ்சோட போதும்னு எந்த வேலைக்காரனும் நிறுத்த மாட்டான். அப்ப மெஷின் சுத்தியிருக்கு. சென்சார் வேலை செய்யல. அதுக்கப்புறம்தான் நீங்க கம்பியை மாத்தியிருக்கீங்க, பலகையைக் கழுவியிருக்கீங்க, விலையைக் குறைச்சிருக்கீங்க. அண்ணே, இவங்க பேரு பிரியா இல்ல. விஜயனோட மனைவி."

நாகையா லோகேஸ்வரியைப் பார்த்தார். ஒரு மைப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார்.

"சுரபாயா ஆளு வீடியோ கால்ல இருந்தான்," என்றார் மெல்ல. "மெஷின் சுத்துறதைக் காட்டுன்னு கேட்டான். நான் போனைப் பார்த்துக்கிட்டே பொத்தானை அமுக்கிட்டேன். தம்பி அடியில இருக்கிறது மறந்து போச்சு. சென்சார் அடிக்கடி நின்னுக்கிட்டே இருக்குன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே கழட்டி விட்டுட்டோம். பலகை தலையில அடிச்சது. கை உள்ள மாட்டிக்கிச்சு."

லோகேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை. "உயிரோட இருக்காரா?"

"நேத்து வரைக்கும் இருந்தாரு."

அவள் இன்னும் ஓர் அடி நெருங்கினாள். "நேத்து வரைக்கும்னா என்ன அர்த்தம்?"

"நேத்து சாயங்காலம் வார்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மயக்கத்துலதான் இருக்காருன்னாங்க. இன்னிக்கு இன்னும் கேக்கல." நாகையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோனேன்மா. விட்டுட்டு ஓடல. கிள்ளான்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு. ஆனா வெளி ஆளு இங்க அடிபட்டான்னு தெரிஞ்சா என்னை உள்ள தள்ளிடுவாங்க. எங்கிட்ட முன்னாடி வேலை பார்த்த ரெங்கசாமியோட ஐசி, அடையாள அட்டை, காப்பி ஒண்ணு இருந்துச்சு. அதே வயசுதான். அந்தப் பேர்ல சேர்த்துட்டேன். எங்க ஆளு, சாமானோட படியில விழுந்து கை நசுங்கிடுச்சு, குடும்பம் இல்லன்னு சொன்னேன்."

"காரு?" என்றாள் நாச்சம்மை.

"நான்தான் கொண்டுபோய் விட்டேன். அணைச்ச போனும் பணப் பையும் அந்த டிராயர்லதான் இருக்கு. தொடல."

"மூணு நாளா போலீஸ் எல்லா ஆஸ்பத்திரிலயும் விஜயன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க," என்றான் வாசு. முதல் முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. "விஜயன்னு எவனும் இல்லன்னு பதில் வந்துக்கிட்டே இருக்கு."

நாச்சம்மை ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஷாமினிக்கு நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். பிறகு கார் சாவிக்காக வாசுவிடம் கையை நீட்டினாள்.

"நீ இங்கயே இரு. இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் இவரும் நகரக் கூடாது, மெஷினும் நகரக் கூடாது. லோரி வந்தா திருப்பி அனுப்பு."

"அனுப்பிடறேன். நீங்க கிளம்புங்க ஆச்சி."

நாச்சம்மை அவ்வளவு வேகமாக ஓட்டிப் பழக்கமில்லாதவள். கிள்ளான் போகும் நெடுஞ்சாலையில் லோரிகள் வரிசையாக ஊர்ந்தன. லோகேஸ்வரி ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போன் அடித்தாள். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாவது தடவை ஒரு பெண் கேட்டாள்: நோயாளியின் பெயர் என்ன? லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். ரெங்கசாமி என்று சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில் சொன்னாள். போனில் விவரம் தர முடியாது, நேரில் வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

"ஏன்க்கா நேர்ல வரச் சொல்றாங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"இருந்தா இருக்காருன்னு சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு என்ன விவரம்."

நாச்சம்மை முன்னால் ஊர்ந்த லோரியைத் தாண்டினாள். லோகேஸ்வரி வெளியே பார்த்தாள். எந்தக் கேள்வியும் கேட்காமல் அன்று அவனை வழியனுப்பியது நினைவுக்கு வந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று நாளில் முதல் முறையாக அழுதாள்.

ஆண்கள் வார்டு நான்காவது மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் இருவரும் படியேறினார்கள். மேசையில் இருந்த நர்ஸின் சட்டையில் உஷாராணி என்ற பெயர் இருந்தது.

"ரெங்கசாமிங்கிற பேர்ல திங்கக்கிழமை சேர்த்த ஆளு," என்று நாச்சம்மை மூச்சு வாங்கச் சொன்னாள். "தலையில அடி."

உஷாராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சொந்தமா? அவருக்கு யாருமே இல்லன்னு அவங்க முதலாளி எழுதிக் கொடுத்திருக்காரே."

"நான் அவர் மனைவி," என்றாள் லோகேஸ்வரி. "இருக்காரா?"

"இருக்காரும்மா. நேத்து ராத்திரி முழிச்சுட்டாரு."

லோகேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். உஷாராணி எழுந்து வந்து அவள் தோளைத் தாங்கினாள்.

"ஆனா நீங்க கொஞ்சம் மனசைத் தயார் பண்ணிக்கணும்க்கா. வலது கையில மூணு விரல் எடுத்தாச்சு. மண்டையில விரிசல். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினாள். "புத்தி இன்னும் தெளியல. தலையில அடிபட்டவங்களுக்கு அப்படி ஆகுமாம். டாக்டரும் ஃபைல்ல எழுதிட்டாரு. தன் பேரே அவருக்கு ஞாபகம் இல்ல. ரெங்கசாமின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல. கல்யாணமே ஆகாத ஆளுன்னு எழுதியிருக்கு, இவரு பொண்டாட்டியைக் கூப்பிடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு போன் நம்பர்கூடச் சொன்னாரு. பாவமா இருக்கேன்னு நானே அடிச்சுப் பார்த்தேன். கெப்போங்ல யாரோ ஒரு சீனர் எடுத்தாரு."

"என்ன நம்பர்?"

உஷாராணி ஒரு தாளைத் தேடி எடுத்துக் காட்டினாள். லோகேஸ்வரியின் எண்தான். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

"தன் பேரு என்னன்னு சொன்னாரு?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"விஜயன்னு."

லோகேஸ்வரி அதற்கு மேல் நிற்கவில்லை. வரிசையாக இருந்த கட்டில்களைத் தாண்டிக் கடைசிக் கட்டிலுக்குப் போனாள். தலை முழுக்கக் கட்டு. வீங்கிய முகம். ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைக் கண்டதும் அப்படியே நின்றது. அழுகையா நிம்மதியா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

அவள் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு தலைமாட்டில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. ரெங்கசாமி, வயது நாற்பத்தைந்து. உள்ளங்கையால் அதை அழுத்தித் துடைத்தாள். மை கையெல்லாம் ஒட்டியது. பக்கத்தில் தொங்கிய பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில் விஜயன் என்று எழுதினாள்.

பின்னால் வந்து நின்ற உஷாராணி, போலீஸ் வந்து சொல்லும்வரை பெயரை மாற்றக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். நாச்சம்மை மெல்ல அவள் கையைத் தொட்டாள்.

விஜயன் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திறந்திருந்த ஒற்றைக் கண்ணை நர்ஸ் பக்கம் திருப்பினான்.

"நான் சொன்னேன்ல, சிஸ்டர்," என்றான்.